சிகாமட் வெள்ளத்தின் மேல் ஒரு மரத்தட்டான்

என் மடியில் மருந்து மூட்டை இருந்தது. தலையில் சின்ன துரையின் தோல் தொப்பி. அது கொண்டைக்கு மேல் உட்காரவில்லை என்று கொண்டையை அவிழ்த்துப் பின்னிச் சட்டைக்குள் விட்டிருந்தேன். கண்ணில் பெரிய கண்ணாடி. சேலையை ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற பெண்களைப் போல இழுத்துச் செருகி, அதற்கு மேல் அண்ணனுடைய காக்கிச் சட்டையைப் போட்டிருந்தேன்.

மலாயாவில் செடெனாக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பந்துத் திடல் அது. பல நாளாகப் பிடித்திருந்த மழை அன்று காலைதான் கொஞ்சம் விட்டிருந்தது. புல்லுக்குள் தண்ணீர் நின்றது. லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுவதும் திடலைச் சுற்றி நின்றது.

சீனத் தச்சர் ஆ லோக் முன்னால் இருந்த மர விசிறியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டு விலகினார். இஞ்சின் இருமியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அது அதிர்ந்த அதிர்வில் என் பற்கள் அடித்துக்கொண்டன.

அண்ணன் மட்டும் இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சின்ன துரை, விடு என்று கையை அசைத்தார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டார்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் லயத்துக் கல்யாணங்களையும் தீமிதியையும் எழுதிவந்தவள், திடீரென்று வானத்துக்குப் போகிறேனே என்று நினைக்காதீர்கள். தம்போய் சந்தையில் மீன் வாங்க நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "நீங்க பிளேன்ல போனது நெசமாம்மா?" என்று கேட்கிறார். நெசம்தான். ஆண்டு மட்டும் சரியாகச் சொல்ல வராது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி. விழுந்து கிடந்த ரப்பர் விலை மெல்ல எழுந்து உட்கார்ந்த காலம்.

பெட்டியில் வந்த இறக்கை

சின்ன துரை என்றால் எங்கள் தோட்டத்தின் உதவி மேனேஜர். ஒல்லியான ஆள். வெயில் பட்டால் மூக்கு உரிந்துவிடும். மற்றத் துரைமார் மாலையானால் கிளப்புக்குப் போவார்கள். இவர் வராந்தாவில் உட்கார்ந்து பருந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பருந்து இறக்கையை அடிக்காமல் எத்தனை நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பாராம். அவருக்குச் சமைத்த ஆயா வந்து சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் செடெனாக் ஸ்டேஷனில் நீள நீளமாகப் பெட்டிகள் வந்து இறங்கின. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, இவ்வளவு நீளமான சவப்பெட்டி யாருக்கு என்று வழியில் கேட்டார்கள். திறந்து பார்த்தால் உள்ளே மெல்லிய மரச் சட்டங்கள், மீன் முள் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். கப்பலில் வந்த விமானம். பிரித்து அனுப்பியிருந்தார்கள், இங்கே கூட்ட வேண்டும்.

ரப்பர் பாலைத் தகடாக உறையவைத்த பாலாட்டையைக் காயவைக்கும் பழைய புகைக்கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அங்கே வேலை தொடங்கியது. எங்கள் தோட்டத்துக்கு ஜன்னல், கதவு, கட்டில் எல்லாம் செய்து கொடுத்த ஆ லோக்தான் தச்சர். துரை வரைபடத்தைப் படித்துச் சொல்வார். ஆ லோக் மலாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பசை பூசுவார். இரண்டு பேரும் நாளெல்லாம் சண்டை போடுவார்கள், சாயங்காலம் ஒரே கிளாசில் காப்பி குடிப்பார்கள்.

சின்ன துரையின் தமிழ் தோட்டத்துத் தமிழ். மரியாதைச் சொல் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லோரையும் 'நீ'தான். ஆனால் அந்த விமானத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மெதுவாக, வார்த்தை தேடிப் பேசுவார். மற்றவர்கள் இஞ்சினைப் பெரிதாக வைத்துக் காற்றை முட்டிக்கொண்டு போகிறார்கள், இதைச் செய்தவன் காற்றிடம் வழி கேட்டுப் போகிறான் என்பார். இஞ்சின் சின்னது, அதனால் ஒன்றும் முட்டக் கூடாது, எதுவும் துருத்தக் கூடாது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பலகையின் மேல் உள்ளங்கையை ஓட்டுவார். எங்காவது தட்டினால் அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். ஆ லோக் அந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டும். திருகாணித் தலையெல்லாம் மரத்துக்குள் புதைத்து மேலே மக்குப் பசையால் மூடினார்கள். சக்கரத்துக்குக்கூட மரத்தில் கால்சட்டை போட்டார்கள், காற்று அங்கே சிக்கக் கூடாதாம். கூடிவந்தபோது அது தட்டான்பூச்சி மாதிரிதான் இருந்தது. மரத்தட்டான் என்று லயத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்.

வாழைப்பழ வாசனை

நான் இதற்குள் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அப்போது என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில், கப்பல்தளம் கட்டுகிற வேலையில் இருந்தார். அங்கே குடும்பம் வைக்க இடம் கிடையாது. நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் மாணிக்கம் வெளிக்காட்டு மண்டோர், களையெடுக்கிற ஆட்களை மேய்க்கிற வேலை. என் வீட்டுக்காரர் ஒருமுறை வரும்போது ஒரு கைத்தையல் மெஷினை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ரயில் ஆடினால் அதற்கு வலிக்கும் என்பதுபோல் அணைத்துப் பிடித்திருந்தாராம். அந்த மெஷினால் லயத்துக்கெல்லாம் ரவிக்கையும் கால்சட்டையும் தைத்தேன். பெரிய துரை வீட்டுத் திரைச்சீலையும் என் தையல்தான்.

இறக்கையின் முன்பாதி பலகை. பின்பாதிக்குத் துணி போர்த்த வேண்டும். திரைச்சீலையைப் பார்த்துவிட்டுச் சின்ன துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

தலையணை உறை மாதிரி லினன் துணியில் நீளமாகத் தைத்து, இறக்கைக்கு மாட்டி, பிறகு மெழுகு தடவிய நூலால் மேலிருந்து கீழாகச் சட்டத்தோடு சேர்த்துக் கையால் தைக்க வேண்டும். நான் மேலே ஊசியைக் குத்துவேன், கீழே படுத்திருக்கும் அண்ணி இழுத்து மேலே அனுப்புவாள். தையல் புடைத்திருந்தால் காற்று தடுக்கும் என்பதால் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே மெல்லிய நாடா ஒட்டினோம். தொட்டால் என் கைக்கே தெரியாத அளவுக்கு அதைப் படிய வைத்தேன். சின்ன துரை கண்ணை மூடி உள்ளங்கையை ஓட்டினார். சுண்ணக்கட்டியை எடுக்கவில்லை. ஆ லோக் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அதற்கு மேல் ஒரு மருந்து பூசுவார்கள். வார்னிஷ் மாதிரி, ஆனால் கனிந்த வாழைப்பழம் மாதிரி வாசனை. ஈரக் காற்று பட்டால் வெளுத்துப்போகும். அதனால் கொட்டகை அடுப்பை மூட்டி, நெருப்பை முழுக்க அணைத்து, சுவரில் சூடு மிச்சமிருக்கும்போது பூசினோம். காயக் காயத் துணி இறுகியது. மறுநாள் போய் விரலால் தட்டினேன். தப்புமேளம் மாதிரி டம் என்றது. தொளதொளவென்று நான் தைத்துக் கொடுத்த துணி அது என்று நம்பவே முடியவில்லை. அன்று முழுவதும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் அதைத் தட்டிப் பார்த்தேன்.

சின்ன துரை அதை ஓட்டத் தொடங்கினார். பந்துத் திடலிலிருந்து எழும்பி, சுங்கை வரை போய், ஆற்றுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவார். சில சமயம் மேலே போய் இஞ்சினை நிறுத்திவிட்டு, பருந்து மாதிரி சத்தமில்லாமல் வந்து இறங்குவார். இதெல்லாம் ஒரு விளையாட்டு என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒருத்தி தண்ணீரில்

அந்த வருஷக் கடைசி மழை எல்லோரையும் பயமுறுத்தியது. சிகாமட்டில் ஆறு ஏறுவது புதிதல்ல. ஆனால் அந்தத் தடவை லாபிஸுக்கு அப்பால் தண்டவாளமே தண்ணீருக்குள் போய்விட்டது.

எனக்கு மூத்தவள் தெய்வானை அக்கா. சிகாமட்டுக்கு அந்தப் பக்கம், ஆற்று வளைவில் இருந்த ஒரு சின்னத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கல்யாணம் ஆகிப் போகும்வரை இரண்டு பேருக்கும் ஒரே போர்வை. அவளை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று அந்தப் போர்வை எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அக்காவின் தோட்டமும் எங்கள் கம்பெனித் தோட்டம்தான். அங்கேயிருந்து ஒருவர் சாம்பான் படகில் சிகாமட் நகரத்துக்கு வந்து தந்தி கொடுத்திருந்தார். லயமெல்லாம் மூழ்கிச் சனம் தோட்டத்துக் குன்றில் ஏறியிருக்கிறது, வாந்திபேதி கண்டுவிட்டது, மருந்துக் கொட்டகையைத் தண்ணீர் அடித்துப் போய்விட்டது. திரும்பிப் போக அந்தச் சாம்பானால் முடியவில்லை, அவ்வளவு இழுப்பு.

சிங்கப்பூரிலிருந்து பெரிய விமானங்கள் வந்து நகரத்தில் அரிசி போட்டன என்று கேள்வி. ஆனால் காட்டுக்குள் இருந்த அந்தக் குன்று யாருக்குத் தெரியும்? சின்ன துரைக்குத் தெரியும். மலாயாவுக்கு வந்த புதிதில் அவர் வேலை பார்த்த தோட்டம் அதுதான்.

மருந்தை அவர் எடுத்துப்போவார் என்று முடிவானது. கண்ணாடிக் குப்பிகளை இலவம்பஞ்சுக்குள் வைத்து, தண்ணீரில் விழுந்தாலும் நனையாமல் எங்கள் தோட்டத்து ரப்பர் பாலாட்டையால் சுற்றினோம். மிச்சமிருந்த லினனில் நான் குடை மாதிரி தைத்து மூட்டைகளுக்குக் கட்டினேன். அங்கே இறங்க இடமில்லை, மேலிருந்தே போட வேண்டும். தாழப் பறந்துகொண்டே அவரால் போடவும் முடியாது. இன்னொரு ஆள் வேண்டும். ஆ லோக் முன் இருக்கையில் இறங்கிப் பார்த்தார், தோள் மாட்டிக்கொண்டது. இஞ்சின் சின்னது, மருந்தின் பாரம் வேறு. எடை குறைந்த ஆளாக வேண்டும்.

நான் வருகிறேன் என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னதுதான்.

அண்ணன் என் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோனார்.

"ஒருத்தி தண்ணியில கெடக்கா. இன்னொருத்தியக் காத்துல விடச் சொல்றியா?"

"அக்கா இருக்காளா இல்லையான்னு தெரியாம என்னால இங்க உக்காந்திருக்க முடியாதுண்ணே."

"நாளைக்கு ஒம் புருஷன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"நான் தச்ச ரெக்கையில நான் போனேன்னு சொல்லுங்க."

அண்ணன் திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். தன் காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். மேலே குளிரும் என்று மட்டும் சொன்னார்.

மேலே

அண்ணன் கை விட்டதும் திடல் ஓடியது. சேறு வாரி அடித்தது. ஓர் இடத்தில் குலுக்கல் நின்றது. அப்போதுதான் தரையை விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. கோல்போஸ்ட் கீழே போயிற்று. லயத்துத் தகரக் கூரைகள் கீழே போயின. வகிடு எடுத்துச் சீவிய தலை மாதிரி ரப்பர் நிரைகள் தெரிந்தன. அந்த நிரைகளுக்குள் நடக்கும்போது முடிவே இல்லாத காடு என்று நினைத்திருந்தேன். மேலிருந்து பார்த்தால் அதற்கு ஓரம் இருந்தது.

நான் ஊரை விட அதிகம் பார்த்தது இறக்கையைத்தான். சட்டத்துக்குச் சட்டம் துணி லேசாக மேலே எழும்பி நின்றது, மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி. என் தையல் ஒன்றும் அசையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது.

தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். ரெங்கம், பிறகு குளுவாங் மலை மேகத்துக்குள். லாபிஸைத் தாண்டியதும் தண்டவாளத்தைக் காணவில்லை. எங்கு பார்த்தாலும் மண் கலந்த தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். மரங்களின் தலை மட்டும் வரிசையாக நின்றது. ஒரு கூரையின் மேல் ஆடுகள் நின்றன.

சின்ன துரை குன்றைக் கண்டுபிடித்தார். அதன் மேல் சனம். இத்தனை உயரத்திலிருந்து அக்கா யார் என்று எப்படித் தெரியும்? சேலைகள் தெரிந்தன, கைகள் தெரிந்தன. ஒவ்வொரு சேலையாகப் பார்த்தேன்.

அவர் இஞ்சினைத் தணித்துத் தாழ இறங்கி, என் தோளைத் தட்டினார். முதல் மூட்டையைத் தள்ளினேன். குடை விரிந்தது. ஆனால் காற்று அதைக் குன்றைத் தாண்டி இழுத்துப்போய்த் தண்ணீரில் போட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சாம்பான் வெளியே வந்தது. பக்கத்துக் கிராமக் கம்பத்து மலாய்க்காரர்கள் இரண்டு பேர் அதை விரட்டிக்கொண்டு துடுப்பு போட்டார்கள். பாலாட்டை சுற்றிய மூட்டை முழுகாமல் மிதந்தது. அவர்கள் அதை எட்டிப் பிடித்தார்கள்.

இரண்டாம் சுற்றில், குன்றுக்கு மேல் வந்ததும் துரை தட்டினார், நான் போடவில்லை. காற்று இழுத்த அளவைப் பார்த்திருந்தேன், குன்றுக்கு முன்னாலேயே போட வேண்டும். அதற்காக இன்னொரு முறை சுற்றி வரும்படி கையால் காட்டினேன். அவர் சுற்றினார். இந்தத் தடவை குன்று வருவதற்குள் தள்ளினேன். மூட்டை சாய்ந்து சாய்ந்து போய், சனத்தின் நடுவில் இறங்கியது. மிச்சத்தையும் அப்படியே போட்டேன். கீழே எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன், பின்னல் சட்டையிலிருந்து நழுவிக் காற்றில் அடித்தது.

சத்தம் நின்றபோது

திரும்பும்போது எதிர்க்காற்று. சுற்றிச் சுற்றிப் பறந்ததில் பெட்ரோலும் போயிருந்தது. லாயாங் லாயாங்குக்கு மேலே இஞ்சின் இருமியது. இன்னும் கொஞ்ச தூரம் போய், நின்றேவிட்டது. முன்னால் விசிறி ஒரு மரக்கட்டையாக நின்றது.

அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காற்று இறக்கையின் மேல் போகிற சத்தம் மட்டும், பட்டுச்சேலையை மடிக்கிற மாதிரி.

"ராசம்மா, பயமா?" என்று பின்னாலிருந்து கேட்டது. கத்த வேண்டிய தேவையே இல்லை.

"இல்ல தொர."

அது பொய்தான். ஆனால் சொன்ன பிறகு பாதி உண்மையாகிவிட்டது.

வேறு விமானமாக இருந்தால் அங்கேயே மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று அவர் பிற்பாடு சொன்னார். இது விழவில்லை. வழுக்கிக்கொண்டே வந்தது. ஆ லோக் தேய்த்த ஒவ்வொரு பலகையும், நானும் அண்ணியும் ஒட்டிய ஒவ்வொரு நாடாவும் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுப் பக்கம் நகர்த்தின. ஸ்டேஷன் தெரிந்தது. புகைக்கொட்டகை தெரிந்தது. திடல் ஓரத்து ரப்பர் மரங்களின் உச்சி காலுக்கடியில் உரசுகிற மாதிரி போனது. அப்புறம் புல், சேறு, குலுக்கல்.

சனம் ஓடி வந்தது. இஞ்சின் சத்தமே கேட்காததால் நாங்கள் எங்கோ விழுந்து செத்துவிட்டோம் என்று அண்ணி அழுதுகொண்டிருந்தாள். ஆ லோக் என்னைப் பார்ப்பதற்கு முன் இறக்கையைத் தடவிப் பார்த்தார். அண்ணன் என்னைத் தூக்கி இறக்கிவிட்டார். அக்காவைப் பார்த்தாயா என்று கேட்டார். தெரியவில்லை அண்ணே என்றேன். மருந்து சேர்ந்ததா என்றார். சேர்ந்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்று கிளப்பில் மற்றத் துரைமார் சின்ன துரையைத் தோளில் தூக்கினார்களாம். மருந்தைப் போட்டது ராசம்மா என்று அவர் எல்லோரிடமும் சொன்னதாக ஆயா வந்து சொன்னாள். அவர்கள் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லையாம்.

என் வீட்டுக்காரர் மாதக் கடைசியில் வந்தார். அண்ணன் நான் சொல்லச் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னார். அவர் நேரே கொட்டகைக்குப் போய் இறக்கையை வெகுநேரம் பார்த்தார். வந்து, மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். அவர் அதிகம் பேசுகிறவரில்லை.

சிகாமட்டுக்கு ரயில்

தண்டவாளம் சரியானதும் முதல் வேலையாக அண்ணனும் நானும் சிகாமட் போனோம். அதற்குள் அக்கா உயிரோடு இருக்கிற சேதி வந்திருந்தது. ஆனாலும் கண்ணால் பார்க்கும்வரை அண்ணன் வழியில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

லயத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் சேற்றுக் கோடு. அந்தத் தோட்டத்தில் மருந்து வருவதற்கு முன்பே சில பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பாதியாக இளைத்திருந்தாள். அவளுடைய சின்னப் பெண், கண் மட்டும் பெரிதாகி, என் மடியில் வந்து உட்கார்ந்தாள். வாந்திபேதி கண்டு பிழைத்த பிள்ளை அது.

அழுது முடித்து, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் வந்தது, குன்றில் ஏறியது, பிள்ளை கண் செருகியது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒரு வெள்ளக்காரி வந்தா ராசம்மா. தொப்பி போட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, சட பறக்க. மேலேர்ந்து மருந்தப் போட்டுட்டு எங்களப் பாத்துக் கையத் தூக்குனா. அவ வரலன்னா எம் புள்ள இல்ல. அவ நல்லாருக்கணும்னு தெனம் வௌக்கேத்துறேன்."

அண்ணன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

"வெள்ளக்காரி இல்ல தெய்வான. நம்ம ராசம்மா. அந்த ரெக்கையத் தச்சதும் இவதான்."

அக்கா சிரித்தாள், அண்ணன் விளையாடுகிறார் என்று. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. என் அருகில் வந்து உட்கார்ந்து, என் கண்ணைச் சுற்றி விரலால் மெல்லத் தடவினாள்.

எழுந்து வெளியே போனாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதற்கடுத்த கதவு. லயம் நெடுக அவள் குரல் போய்க்கொண்டே இருந்தது.

"என் தங்கச்சி வந்திருக்கா. வந்து பாருங்க. என் தங்கச்சி."